பழைய பேண்டுக்குப் புதுத் தொண்டை: பங்க்-பாப் கம்பேக் ஆல்பம் எப்படி உருவாகிறது

பிரிந்துபோன பேண்ட் ஒன்று பல வருடம் கழித்து மறுபடி கூடுகிறது. கிட்டாரில் அதே ஆட்கள், டிரம்ஸில் அதே ஆள். பாடகர் மட்டும் வரமாட்டேன் என்கிறார். இன்னொருவரைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்திப் புது ஆல்பம் போடுகிறார்கள். கேட்பவர்கள் உடனே கேட்பது, "பழைய ஆள் மாதிரிப் பாடுகிறாரா?" என்றுதான். இந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் கிடையாது. பாட்டுகள் யாருடைய தொண்டையை மனதில் வைத்து எழுதப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கம்பேக் ஆல்பம் ஏன் எடுபட்டது, இன்னொன்று ஏன் சொதப்பியது என்பது அங்கேதான் பிடிபடும்.

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து பேண்டான தி அண்டர்டோன்ஸ். 1978இல் பெல்ஃபாஸ்ட்டின் குட் வைப்ரேஷன்ஸ் என்ற சின்ன லேபிளில் (இசைத்தட்டு நிறுவனத்தில்) அவர்களுடைய 'டீனேஜ் கிக்ஸ்' வந்தது. பிபிசி ரேடியோ 1இல் அறிவிப்பாளர் ஜான் பீல் அதை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார். 1979க்கும் 1983க்கும் இடையில் நான்கு ஆல்பங்கள், பிறகு பிரிவு. பாடகர் ஃபெர்கல் ஷார்க்கி தனியாகப் போய் 1985இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஒரு பாட்டையும் கொடுத்தார். மற்ற நால்வரும் 1999இல் மறுபடி சேர்ந்தபோது அவர் சேரவில்லை. அவர் இடத்துக்கு அதே டெர்ரியைச் சேர்ந்த, வானொலியில் வேலை பார்த்த பால் மக்லூன் வந்தார். 2003இல் 'கெட் வாட் யூ நீட்', 2007இல் 'டிக் யுவர்செல்ஃப் டீப்' என்று இரண்டு புது ஆல்பங்கள்.

முதலில், பங்க்-பாப் என்பது என்ன

பங்க்கின் வேகமும் இரைச்சலும், பாப்பின் மெட்டும் பல்லவியும் சேர்ந்தது. அவ்வளவுதான். நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976இல் போட்ட முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். இந்த வகையின் அளவுகோல் ஏறக்குறைய அன்றே தீர்மானமாகிவிட்டது: பாட்டு இரண்டு, இரண்டரை நிமிடம், வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 200 தட்டு, மூன்று நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்), முதல் நிமிடத்துக்குள் வந்துவிடும் பல்லவி.

கிட்டார் பெரும்பாலும் பவர் கார்டுதான் வாசிக்கும். ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும். காந்தாரத்தை விட்டுவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) ஏறிய கிட்டாரில் மூன்று சுரம் சேர்ந்தால் ஒன்றோடொன்று மோதிக் கலங்கலாகிவிடும். காந்தாரம் இல்லாத கார்டுக்குச் சந்தோஷமும் கிடையாது, சோகமும் கிடையாது. அந்த உணர்ச்சியைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் பாடகரின் மெட்டுக்குப் போய்விடுகிறது. பத்து இசைக்கருவிகள் உள்ள குழுவில் பாடகர் மாறினால் பத்தில் ஒரு பங்கு மாறுகிறது. இங்கே கிட்டத்தட்ட பாதி மாறுகிறது.

வேகத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 180 தட்டு வேகத்தில், ஒரு தட்டுக்கு இரண்டு அடி வீதம் கிட்டார்காரரின் கை நொடிக்கு 6 முறை கீழ்நோக்கி அடிக்கிறது. இரண்டரை நிமிடப் பாட்டுக்கு 900 அடி. ஐம்பது வயதுக் கை இதை ஒரு மணி நேரம் தாங்குமா என்று பலர் கவலைப்படுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் தொண்டையில் இருக்கிறது.

சுருதி மாறினால் எல்லாம் மாறும்

ஷார்க்கியின் குரல் உயரமானது, கூடவே ஒரு நடுக்கம். ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது அது சுரத்தின் இரண்டு பக்கமும் வேகமாக ஆடும். அதைத்தான் வைப்ராட்டோ என்கிறார்கள். பங்க் பாடகர்களிடம் இது அபூர்வம், அதனாலேயே அவரை ஒரு வரியில் அடையாளம் தெரியும். அந்த நடுக்கத்தைப் புதியவர் நகல் எடுக்கப் போனால் மிமிக்ரி ஆகிவிடும். மக்லூன் அதைச் செய்யவில்லை, நேராகப் பாடுகிறார். அதே ஊர்க்காரர் என்பதால் சொற்களின் உச்சரிப்பு மட்டும் இயல்பாகவே பழைய பாட்டுகளோடு ஒட்டிப்போகிறது. பாடகரைத் தேடும் பேண்டுகள் குரலின் உயரத்தைப் பார்க்கும் அளவுக்கு உச்சரிப்பைப் பார்ப்பதில்லை. அது தவறு. பாட்டின் உயிரெழுத்துகள் எப்படித் திறக்கின்றன என்பது ஊருக்கு ஊர் மாறும்.

புதியவருக்குச் சுருதி பார்ப்பது எப்படி? பழைய பாட்டின் பல்லவியில் இருக்கும் உச்ச சுரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் புதியவர் ஒரு முறை எட்டினால் போதாது. ஒரு மணி நேரக் கச்சேரியில் 20 முதல் 24 பாட்டு, ஒவ்வொன்றிலும் பல்லவி மூன்று தடவை என்றால் அறுபது எழுபது முறை அந்த உயரத்துக்கு ஏற வேண்டியிருக்கும். ஆகவே சோதனையை ஒத்திகையின் முதல் பாட்டில் வைக்கக் கூடாது, கடைசிப் பாட்டில் வைக்க வேண்டும். அப்போதும் முழுச் சத்தத்தில், கழுத்து நரம்பு புடைக்காமல் பிடிக்க முடிந்தால் அதுதான் சுருதி. முடியாவிட்டால் அரைக்கட்டை இறக்கிப் பார்க்கலாம், பிறகு ஒரு கட்டை. ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறக்கினால் வேறு தொல்லை கிளம்பும்: பல்லவி சுகமாகிவிடும், ஆனால் சரணம் முணுமுணுப்பாகி கிட்டாருக்குள் முங்கிவிடும். அந்த நிலையில் சுருதியை அப்படியே விட்டுவிட்டு, உச்சியில் உள்ள இரண்டு மூன்று சுரங்களை மட்டும் மாற்றிப் பாடுவது நல்லது. ரசிகர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

ஒரு கட்டை இறக்குவதாகவே வைத்துக்கொள்வோம். பாட்டு ஏ (A) சுருதியில் இருக்கிறது, கார்டுகள் ஏ, டி, ஈ (A, D, E). இந்த மூன்றுக்கும் கிட்டாரில் திறந்த தந்தி உண்டு. விரல் வைக்காமல் அதிரும் அந்தத் தந்திதான் பாட்டுக்கு ரீங்காரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டை இறக்கினால் கார்டுகள் ஜி, சி, டி (G, C, D) ஆகின்றன. கையை ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் குறுக்குக் கோடுகளில்) நகர்த்தி வாசிக்கலாம்தான், ஆனால் திறந்த ஏ தந்தியைச் சுற்றிப் பின்னிய பழைய இழை அறுந்துபோகும். பாஸ் கிட்டாரின் நிலைமை இன்னும் மோசம். நான்கு தந்தி பாஸின் ஆகக் கீழ்ச் சுரம் ஈ. முன்பு பல்லவியின் உச்சத்தில் அந்தத் திறந்த ஈ தந்தி நெஞ்சில் இடித்தது. இப்போது அந்த இடத்துக்கு டி வேண்டும். ஈக்குக் கீழே பாஸில் சுரமே இல்லை, ஆகவே அடுத்த தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு ஏற வேண்டும். பாட்டு மொத்தமும் கீழே இறங்கும் நேரத்தில் பாஸ் மட்டும் மேலே தாவுகிறது. அடித்தளம் காணாமல் போய்விடும். கேட்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது; "ஏதோ மெலிந்துவிட்டது" என்பார்கள், பழியைப் புதுப் பாடகர்மேல் போடுவார்கள்.

சரியான வழி, கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து ட்யூனிங்கை இறக்குவது. கை வைக்கும் இடம் மாறாது, திறந்த தந்தியும் தப்பிக்கும். ஆனால் தந்தி தளரும். அரைக்கட்டை இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறையும், ஒரு கட்டைக்கு 20 சதவீதத்துக்குச் சற்று மேல். தளர்ந்த தந்தியை நொடிக்கு ஆறு முறை ஓங்கி அடித்தால் அடிக்கும் கணத்தில் சுருதி மேலே போய்விட்டுத் திரும்பும். இரண்டு கிட்டார் சேர்ந்தால் ஊளை. ஆகவே தடிமனை ஏற்ற வேண்டும். 10 செட்டுக்குப் பதில் 11 செட் (முதல் தந்தியின் தடிமனை வைத்துச் சொல்லும் எண்) போட்டு ஒரு கட்டை இறக்கினால் முதல் தந்தியின் இழுவிசை பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். தடித்த தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் கட்டையின்) பள்ளத்தில் சிக்குகிறதா என்று பார்த்துத் தேவையானால் பள்ளத்தை லேசாக அகலப்படுத்த வேண்டும், பாலத்தில் (தந்தியின் கீழ்முனையைத் தாங்கும் பாகத்தில்) இன்டோனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக விழுவதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனால் முதல் நாள் முழுக்க ட்யூனரோடுதான் கழியும்.

புதியவரின் குரல் பழையவரைவிட உயரமாக இருந்தால் வேலை சுலபம். கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற கவ்வி போதும்.

புதுப் பாட்டை எழுதும்போது

பழைய பாட்டுகளுக்கு இவ்வளவு ஒட்டுவேலை தேவைப்படும். புது ஆல்பத்தில் அந்த அவசியமே கிடையாது, முதலிலிருந்தே புதுத் தொண்டைக்கு எழுதலாம். ஆனாலும் பல பேண்டுகள் இங்கேதான் சறுக்குகின்றன. காரணம் டெமோ. பாட்டு எழுதுபவர் வீட்டில் கிட்டாரோடு உட்கார்ந்து, கைக்கு வசதியான சுருதியில், தன் குரலில் பாடிப் பதிவு செய்கிறார். அந்த டெமோவே ஒத்திகைக்கு வருகிறது, எல்லோரும் அதைப் பழகிவிடுகிறார்கள். பாடகர் கடைசியாக வந்து சேரும்போது சுருதியை மாற்றக் கேட்கச் சங்கடப்படுகிறார், புதியவர் அல்லவா. அதைத் தவிர்க்க ஒரே வழிதான்: டெமோ கட்டத்திலேயே பாடகரை உட்காரவைத்து, ஒவ்வொரு பாட்டையும் மூன்று சுருதியில் பாடவைத்து, எது அழுத்தமாக விழுகிறது என்று பார்த்தபின் கிட்டாரைக் கையில் எடுப்பது.

மூச்சும் கணக்கில் வர வேண்டும். 180 வேகத்தில் ஒரு தட்டு என்பது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. சட்டென்று ஒரு வாய் காற்று இழுக்க அது போதும், அதில் பாதி போதாது. எட்டு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) தொடர்ந்து இடைவெளியே இல்லாமல் சொற்களை அடைத்தால் கிட்டத்தட்ட 11 நொடி ஒரே மூச்சில் கத்த வேண்டும். பழைய பாடகருக்கு அது கைவந்திருக்கலாம். புதியவருக்கு நான்கு பாருக்கு ஒரு தட்டு காலியாக விட்டால் வரி தானாக நிமிரும். மேடையில் வேகம் எப்போதும் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. 180இல் பதிந்த பாட்டு ரசிகர் கூட்டத்துக்கு முன் 190க்குப் போவது சர்வசாதாரணம். அப்போது அந்தக் காலி இடமும் சுருங்கும்.

சொற்களில் உயிரெழுத்து முக்கியம். உச்ச சுரத்தில் 'ஆ', 'ஓ' போன்ற திறந்த ஒலி வந்தால் வாய் அகலும், சத்தம் தானாக வரும். 'ஈ' வந்தால் பலருக்குத் தொண்டை இறுகும். சிலருக்கு அந்த இறுக்கமே அழகு. யார் எந்த ரகம் என்று தெரிந்து உச்சியில் இருக்கும் ஒரே ஒரு சொல்லை மாற்றினால், ஒரு கட்டை இறக்கியதற்குச் சமமான பலன் சில நேரம் கிடைக்கும்.

பாட்டின் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்டர்டோன்ஸ் முதலில் எழுதியபோது பதின்பருவத்திலும் அதைத் தாண்டிய வயதிலும் இருந்தார்கள். 2003இல் நாற்பதைத் தாண்டியவர்கள். பங்க்-பாப்பின் அடிப்படையே பதின்பருவ ஏக்கம் என்பதால் இது தர்மசங்கடமான இடம். பதினாறு வயதுக்காரன் மாதிரி நடித்தால் அசடு வழியும். நடுவயதுக் கவலைகளை முழுதாகக் கொட்டினால் பங்க்-பாப்பாகவே இருக்காது. வேகத்தையும் நீளத்தையும் பழையபடி வைத்துக்கொண்டு, ஆசை, எரிச்சல், நக்கல் போன்ற வயதில்லாத சங்கதிகளைப் பாடுவதுதான் பிழைக்கும் வழி.

பாட்டு யாருடையது, பெயர் யாருடையது

அண்டர்டோன்ஸுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. ஷார்க்கி பாடகர், பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியவர் கிட்டார்காரர் ஜான் ஓ'நீல். அவரோடு தம்பி டேமியன் ஓ'நீல், பாஸ் வாசிக்கும் மைக்கேல் பிராட்லி போன்றவர்களும் எழுதினார்கள். அதாவது குரல் போனாலும் எழுதும் கை வீட்டிலேயே இருந்தது. அதனால்தான் மக்லூன் பாடும் ஆல்பங்களிலும் மெட்டு வளையும் விதம் பழைய உறவைக் காட்டிக்கொடுக்கிறது.

இதற்கு நேர் எதிர் மிஸ்ஃபிட்ஸ். நியூ ஜெர்சியின் லோடியில் 1977இல் தொடங்கி 1983இல் கலைந்த இந்த பேண்டில் பாடியவரும் பாட்டுகளை எழுதியவரும் ஒருவரே, கிளென் டான்சிக். பாஸ் வாசித்த ஜெர்ரி ஒன்லி, வழக்கு இழுபறிக்குப் பின் 1995இல் ஏற்பட்ட சமரசத்தின் மூலம் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றார். மைக்கேல் கிரேவ்ஸ் என்ற இளைஞரைப் பாடகராகச் சேர்த்து 1997இல் 'அமெரிக்கன் சைக்கோ' ஆல்பம் வந்தது. பெயர் கையில், எழுதியவர் வெளியே. புதுப் பாட்டை எழுதும் வேலையை மிச்சமிருந்தவர்களும் புதியவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒரு லாபமும் உண்டு: கிரேவ்ஸின் இனிமையான குரலுக்கே பாட்டுகள் எழுதப்பட்டன. பழைய ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். இசையை மட்டும் வைத்துப் பார்த்தால், தொண்டைக்கு ஏற்ற பாட்டு என்ற பரீட்சையில் அந்த ஆல்பம் தேறிவிடும்.

வேறு வகைகளும் உண்டு. அமெரிக்க பேண்டான பிளிங்க்-182இல் இரண்டு பாடகர்கள். டாம் டிலாங் 2015இல் விலகி மேட் ஸ்கிபா வந்தார். 2016இல் 'கலிஃபோர்னியா' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மற்றப் பாடகரான மார்க் ஹாப்பஸின் குரல் அப்படியே இருந்ததால் கேட்பவர் கையில் பாதி பேண்ட் எப்போதும் இருந்தது. 2022இல் டிலாங் திரும்பிவிட்டார். இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் பேண்டின் கதை சோகமானது: 1981இல் பிரிந்து 1989இல் சேர்ந்தவர்கள், பாடகர் பீட் ஷெல்லி 2018இல் இறந்ததும் கிட்டார்காரர் ஸ்டீவ் டிகிள் தானே முன்னால் வந்து பாடினார். முன்பும் சில பாட்டுகளைப் பாடியவர் என்பதால் அவர் குரல் ரசிகர்களுக்குப் புதிதல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் பாட்டை எழுதியவருக்கான தொகையை பிஆர்எஸ் என்ற அமைப்பு வசூலிக்கிறது, ஒலிப்பதிவில் பாடியவர், வாசித்தவர், லேபிள் ஆகியோருக்கானதை பிபிஎல் என்ற அமைப்பு வசூலிக்கிறது. 1978இன் பதிவு வானொலியில் ஒலித்தால் பழைய பாடகருக்கும் பங்கு உண்டு. அதே பாட்டைப் புதுப் பாடகர் மேடையில் பாடினால் எழுதியவருக்கு மட்டும். பிரிந்த பாடகர் பாட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், மறுகூடலால் அவருக்கு நேரடி வருமானம் இல்லை. பேண்டின் பெயர் யாருக்கு என்பதைப் பற்றி எழுத்தில் எதுவும் போடாமல் பிரிந்தவர்கள்தான் பிற்பாடு வக்கீலுக்குச் செலவழிக்கிறார்கள்.

ஸ்டுடியோவில்

வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: தற்காலிகமாக ஒரு குரல், அதன்மேல் டிரம்ஸ், பிறகு பாஸ், கிட்டார், கடைசியில் அசல் குரல். தாள கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடது பக்கக் கடைசிக்கும் மற்றொன்றை வலது பக்கக் கடைசிக்கும் தள்ளுவார்கள்; நடுவில் பாடகருக்கு இடம் கிடைக்கும். ஒரே வாசிப்பின் பதிவை நகலெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது அகலமாகாது, நடுவிலேயே நிற்கும்.

புதுக் குரல் பழையதைவிடக் கீழே இருந்தால் இங்கே இன்னொரு சண்டை. உயரமான, இறுகிய குரலில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் பலம் அதிகம், அதனால் டிஸ்டார்ஷனைக் கிழித்துக்கொண்டு வரும். கனமான குரலின் பலம் கீழே இருக்கிறது. அது கிட்டாரின் உடம்பு இருக்கும் இடம். குரலின் சத்தத்தை மட்டும் ஏற்றினால் பாட்டு முழுக்கக் குரல் தனியாகத் துருத்தும், பேண்ட் சின்னதாகிவிடும். கிட்டாரில் 2-3 கிலோஹெர்ட்ஸ் அருகே இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்ல மருந்து வாசிப்பில் இருக்கிறது: சரணத்தில் கிட்டார்காரர் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசித்தால் போதும், மிக்ஸிங் மேசைக்கு வேலையே இல்லை.

கத்திப் பாடும் குரலுக்கு ஷூர் எஸ்எம்7 போன்ற டைனமிக் மைக் பொருந்தும், உச்சிச் சத்தத்தின் கூர்மை கொஞ்சம் மழுங்கி வரும். ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் முழுச் சத்தத்தில் பாடவைக்கக் கூடாது. அதற்குமேல் கிடைக்கும் கரகரப்பை உணர்ச்சி என்று தவறாக நினைத்துப் பதிவு செய்பவர்கள் உண்டு. மறுநாள் கேட்டால் அது வெறும் களைப்பு.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பின்குரல்கள் பழையவையே. பல்லவியில் சேர்ந்து கத்தும் கிட்டார்காரரும் பாஸ்காரரும் மாறவில்லை. இந்தப் பின்குரலை வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை முன்னால் கொண்டுவந்தால் கேட்பவருக்குத் தெரிந்த முகம் ஒன்று பாட்டுக்குள் தென்படும்.

கேட்டுப் பார்க்க

1979இல் வந்த அண்டர்டோன்ஸின் முதல் ஆல்பத்தையும் 2003 ஆல்பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு பாட்டு. முதல் முறை பாடகரைக் கவனிக்காமல் 15 நொடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள், வேகம் தெரியும். இரண்டாம் முறை பல்லவியின் உச்ச சுரத்தை வாய்க்குள் முனகி, போனில் ஏதாவது பியானோ ஆப் இருந்தால் அதில் தேடிப் பிடியுங்கள். மூன்றாம் முறை பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். பிறகு இந்தக் கால மேடைப் பதிவு ஒன்றில் மக்லூன் பழைய பாட்டைப் பாடுவதைத் தேடி, அசலின் சுருதியோடு ஒப்பிடுங்கள்: முதல் கார்டு அதே சுரமா, அரைக்கட்டை கீழா? ஒரே பாட்டை இரண்டு தொண்டையில் கேட்டுப் பழகியபின், 2022இல் அந்த இரண்டு புது ஆல்பங்களிலிருந்தும் பொறுக்கியெடுத்து வெளியான தொகுப்புக்குப் போகலாம். அதில் ஒப்பிட ஷார்க்கியின் குரலே கிடையாது.